கதிரடி இயந்திரமும் காத்திருப்பும்: ஸ்காட், ஹார்டி நாவல்கள் இரண்டை முன்வைத்து ஒரு திறனாய்வு

முன்னுரை

அறுத்த கதிரின் தாளிலிருந்து மணியைப் பிரித்தலும், பிரித்த மணியிலிருந்து பதரையும் தூசியையும் விலக்குதலும் உழவுத் தொழிலின் இறுதிக் கட்டங்களாகும். முன்னதைக் கதிரடித்தல் என்றும் பின்னதைத் தூற்றுதல் என்றும் வழங்குகிறோம். இவ்விரு தொழில்களையும் மனிதக் கையிலிருந்து இயந்திரத்திற்கு மாற்றும் முயற்சி பதினெட்டாம் நூற்றாண்டில் ஸ்காட்லாந்தில் வலுப்பெற்றது; அடுத்த நூற்றாண்டில் இங்கிலாந்தெங்கும் பரவியது. இம்மாற்றத்தின் இரு வேறு கட்டங்களை ஆங்கில மொழியின் இரண்டு நாவல்கள் பதிவு செய்துள்ளன. ஒன்று, 1816இல் வெளிவந்த வால்டர் ஸ்காட்டின் 'ஓல்ட் மார்ட்டாலிட்டி'. மற்றொன்று, 1891இல் நூலாக வெளிவந்த தாமஸ் ஹார்டியின் 'டெஸ் ஆஃப் தி டர்பர்வில்ஸ்'.

இவற்றுள் ஹார்டியின் கதிரடிக் காட்சி திறனாய்வாளரால் பெரிதும் பேசப்பட்டது. அர்னால்ட் கெட்டில் 1953இல் எழுதிய ஆங்கில நாவல் பற்றிய நூலில், டெஸ்ஸின் கதையை ஆங்கிலக் குடியானவர் வாழ்வின் சிதைவாகவும், கதிரடி இயந்திரத்தை முதலாளித்துவப் பண்ணையின் மனிதத்தன்மையற்ற உறவுகளுக்குக் குறியீடாகவும் கண்டார். 'குடியானவர்' என்னும் பொதுச்சொல் அக்காலத்து இங்கிலாந்திற்குப் பொருந்தாது என ரேமண்ட் வில்லியம்ஸ் 1973இல் மறுத்தார். எனினும், இயந்திரம் ஒரு குறியீடு என்னும் கருத்து வகுப்பறைகளில் நிலைத்துவிட்டது. குறியீடாகக் கண்டவுடன் இயந்திரத்தின் உறுப்புகளும் இயக்கமும் நம் பார்வையிலிருந்து மறைந்துவிடுகின்றன. அவ்வியந்திரம் எவ்வாறு படிப்படியாகத் திருந்தி வந்தது என்பதை அறிந்து மீண்டும் வாசித்தால், ஹார்டி காட்டும் துயரின் காரணம் வேறோர் இடத்தில் இருப்பது புலப்படும் என்பதே இக்கட்டுரையின் துணிபு.

இயந்திரம் திருந்திய வரலாறு

இயந்திரம் வருமுன் பிரித்தானியத் தீவுகளில் கதிரடிக்கப் பயன்பட்ட கருவி, இரண்டு கோல்களைத் தோல்வாரால் பிணைத்தது. நீண்ட கோலைக் கையில் பிடித்து வீச, குறுங்கோல் சுழன்று தரையில் பரப்பிய கதிரின்மேல் விழும். மாடுகளைப் பிணைத்து மிதிக்கவிடும் நம் வழக்கத்திற்கு இது வேறானது. குளிர்காலம் முழுவதும் தானியக் கொட்டிலின் பலகைத் தளத்தில் இவ்வேலை நடந்தது. இருவர் எதிரெதிரே நின்று அடித்தால் ஒருவர் கோல் இறங்கும்போது மற்றவர் கோல் ஏறவேண்டும். அடித்து முடித்தபின், கொட்டிலின் எதிரெதிர்க் கதவுகளைத் திறந்துவைத்தோ மேட்டுநிலத்தில் நின்றோ காற்றில் தூற்றினர். ஆகவே இப்பழந்தொழிலில் இருவகைக் காத்திருப்புகள் இருந்தன: ஒன்று, கோல் மேலெழும் இடைவெளியில் கூட்டாளிக்காகக் காத்திருத்தல்; மற்றொன்று, காற்றுக்காகக் காத்திருத்தல்.

முதலில் அகன்றது காற்றுக்கான காத்திருப்பே. சுழல்விசிறி கொண்டு தூற்றும் பெட்டியைச் சீனர் ஹான் காலத்திலேயே அறிந்திருந்தனர். ஸ்காட்லாந்தில் இதையொத்த கருவியை அறிமுகப்படுத்தியவர் ஜேம்ஸ் மீக்கிள் என்னும் ஆலைத்தச்சர் எனக் கருதப்படுகிறது. சால்ட்டன் ஊரின் நிலக்கிழாரான ஆண்ட்ரூ ஃபிளெச்சர், வாற்கோதுமை ஆலையின் நுட்பம் அறிந்துவர 1710இல் இவரை ஹாலந்துக்கு அனுப்பியிருந்தார்.

கதிரடித்தலை இயந்திரமாக்குவது இதனினும் கடினமாக இருந்தது. மைக்கேல் மென்சீஸ் என்பார் 1730களில் அமைத்த பொறி, நீராற்றலால் சுழலும் தண்டில் பல கோல்களைப் பிணைத்து மனிதக் கையின் வீச்சையே போலச்செய்தது. கோல்கள் ஒடிந்தமையால் அது நிலைபெறவில்லை. ஜேம்ஸ் மீக்கிளின் மகன் ஆண்ட்ரூ மீக்கிள் (1719–1811) 1786 வாக்கில் வெற்றிகண்டு, 1788இல் காப்புரிமை பெற்றார். அவர் பொறியில் கோல்கள் இல்லை. பள்ளமிட்ட இரு சிற்றுருளைகள் கதிரைச் சிறிது சிறிதாக உள்ளே செலுத்த, விரைந்து சுழலும் பேருருளையின் மேற்பட்ட அடிகட்டைகள் மணியை உதிர்த்தன. கையைப் போலச்செய்வதைக் கைவிட்டபோதுதான் இயந்திரம் வென்றது என்பது ஈண்டு நோக்கத்தக்கது. கோலுக்கு ஏற்றமும் இறக்கமும் உண்டு. உருளைக்கு அவை இல்லை. கோல் ஏறும் இடைவெளியும் அதனோடு அகன்றது.

அடுத்து வந்த திருத்தங்கள் பிரித்தலைப் பற்றியவை. வைக்கோலை உதறி மணியைக் கீழே விழச்செய்யும் அசைதட்டுகள், சல்லடைகள், விசிறி, மணியை மேலேற்றும் வாளிச்சங்கிலி ஆகியவை ஒன்றன்பின் ஒன்றாகச் சேர்ந்தன. அமெரிக்காவின் மெய்ன் மாநிலத்துப் பிட்ஸ் சகோதரர்கள் கதிரடித்தலையும் தூற்றுதலையும் இணைத்த பொறிக்கு 1837இல் காப்புரிமை பெற்றனர். இங்கிலாந்தில் 1841ஆம் ஆண்டு லிவர்பூல் வேளாண் கண்காட்சியில் ரான்சம்ஸ் நிறுவனம் இடம்பெயர்க்கத்தக்க நீராவி எந்திரத்தைக் காட்சிக்கு வைத்தது. குதிரை களைப்படையும், நீராவி எந்திரம் நிலக்கரியும் நீரும் உள்ளவரை ஓடும். நூற்றாண்டின் நடுப்பகுதிக்குள் ஒரு முனையில் கதிரை இட்டால் மறுமுனையில் சாக்கில் மணி விழும் முழுமையான பொறி உருவாகிவிட்டது.

இத்திருத்தங்களுக்கிடையே ஒரு முரண் உண்டு. பிற்கால ஆங்கிலப் பொறிகள் பலவற்றில் மீக்கிளின் ஊட்டும் சிற்றுருளைகள் இடம்பெறவில்லை. மேல்தட்டில் நிற்கும் ஓர் ஆள் கதிரைக் கையால் பரப்பி உருளையின் வாயில் நேரே விடவேண்டும். அவருக்கு முன் மற்றொருவர் கட்டை அவிழ்த்துத் தரவேண்டும். உதிர்த்தல், உதறல், சலித்தல், தூற்றல் அனைத்தும் இயந்திரமயமான பின்னும் ஊட்டுதல் மட்டும் மனிதர் கையிலேயே நின்றது. இந்த ஓர் இடத்தில்தான் ஹார்டி தம் கதைத்தலைவியை நிறுத்துகிறார்.

ஸ்காட்: காற்றுக்குக் காத்திருத்தல்

'ஓல்ட் மார்ட்டாலிட்டி' 1679ஆம் ஆண்டின் சமயக் கிளர்ச்சியைப் பின்னணியாகக் கொண்டது. அதில் வரும் மாஸ் ஹெட்ரிக் என்னும் முதியவள் தீவிரச் சமயப் பற்றாளர். தன் மகன் கட்டியைக் கொட்டிலில் புதிய தூற்றும் பொறியோடு வேலை செய்யுமாறு பணித்ததை அவள் தன் தலைவி மார்கரெட் பெல்லண்டன் சீமாட்டியிடம் எதிர்க்கிறாள். காற்று இறைவன் தருவது. அதை வேண்டியோ பொறுமையோடு காத்திருந்தோ பெறவேண்டுமேயன்றி, மனிதச் சூழ்ச்சியால் உண்டாக்குவது இறைவனின் ஏற்பாட்டை மீறுவதாகும் என்பது அவள் வாதம். இப்பொறி 1679க்கு உரியதன்று என்பதை ஸ்காட் அறிந்தேயிருந்தார். இத்தகைய விசிறிகள் இன்றைய வடிவில் 1730 வாக்கில்தான் வழக்கிற்கு வந்தன என்றும், அப்போது கடுஞ்சமயத்தார் இவ்வாறே எதிர்த்தனர் என்றும் அவரே குறிப்பெழுதியுள்ளார். அதாவது, பிற்காலத்து வழக்கு ஒன்றைத் தெரிந்தே முற்காலத்திற்கு நகர்த்தினார்.

இக்காட்சி நகைச்சுவையாக அமைந்துள்ளது. வாசகர் மாஸின் அறியாமையைக் கண்டு நகைக்கவேண்டும் என்பதே ஸ்காட்டின் நோக்கம். ஆயினும், இப்பேச்சின் சமய உறையை நீக்கிப் பார்த்தால் உள்ளே ஒரு தொழிலாளியின் கணக்கும் தெரிகிறது. காற்று வரும்வரை வேலை நிற்கும்; அதை எந்தத் தலைவியும் குற்றமாகக் கொள்ள இயலாது. காற்றைப் பொறி உண்டாக்கினால், எப்போது தூற்றுவது என்பதை முடிவுசெய்யும் அதிகாரம் வானத்திலிருந்து தலைவியின் கைக்கு மாறிவிடும். மாஸ் இவ்வாறு சொல்லவில்லை. ஸ்காட்டும் அவளை இவ்வாறு எண்ணவைக்கவில்லை. ஆனால், அவ்வுரையாடலின் முடிவில் தாயும் மகனும் பண்ணையைவிட்டு வெளியேற்றப்படுகின்றனர். அதற்கு முதற்காரணம் கட்டி படைத்திரட்டிற்குச் செல்லாமையே எனினும், ஏவலை மறுத்தல் என்னும் ஒரே குற்றத்தின்கீழ் படையும் பொறியும் அடுத்தடுத்து வைக்கப்பட்டிருப்பது தற்செயலாகத் தோன்றவில்லை. காத்திருப்பை நகைப்பிற்குரியதாக்கிய ஸ்காட், அதை இழப்பதன் விலையைக் கேட்கவில்லை.

அவ்விலையை வரலாறு கேட்டது. 1830 ஆகஸ்டு மாத இறுதியில் கேன்டர்பரிக்கு அருகிலுள்ள லோயர் ஹார்ட்ரஸ் என்னும் ஊரில் ஒரு கதிரடி இயந்திரம் உடைக்கப்பட்டதிலிருந்து, 'ஸ்விங் தலைவர்' என்னும் கற்பனைப் பெயரால் அறியப்பட்ட கிளர்ச்சி தென்னிங்கிலாந்தெங்கும் பரவியது. குளிர்காலத்திற்கென இருந்த ஒரே வேலையை இயந்திரம் பறித்தது என்பதே உழைப்பாளரின் முறையீடு. ஹாப்ஸ்பாம், ரூடே இருவரும் 1969இல் எழுதிய நூல் இக்கிளர்ச்சியை விரிவாக ஆராய்கிறது. பத்தொன்பது பேர் தூக்கிலிடப்பட்டனர். ஏறத்தாழ ஐந்நூறு பேர் நாடுகடத்தப்பட்டனர். ஹார்டி பிறந்தது இதற்குப் பத்தாண்டுகள் கழித்து, 1840இல். அவர் எழுதும்போது இயந்திரத்தை உடைப்பது பழங்கதையாகிவிட்டது. அதன்மேல் நின்று வேலை செய்வதே அன்றாடமாகிவிட்டது.

ஹார்டி: நிற்காத உருளை

நாவலின் 47, 48ஆம் இயல்களில் ஃபிளின்ட்கோம்-ஆஷ் பண்ணையின் கடைசிக் கோதுமைப் போர் அடிக்கப்படுகிறது. சிவப்பு வண்ணம் பூசிய பொறியை, பெண்கள் ஊழியம் செய்ய வந்த ஒரு கொடுங்கோலனாக ஹார்டி உருவகிக்கிறார். சற்றுத் தள்ளி நீராவி எந்திரமும், கரிபடிந்த அதன் இயக்குநரும் நிற்கின்றனர். வடநாட்டினனாகிய அவன் ஊர் ஊராகச் செல்பவன். பண்ணையோடு அவனை இணைப்பது எந்திரத்திலிருந்து பொறிக்கு ஓடும் வார்ப்பட்டை ஒன்றே. இவ்விரு உருவகங்களே மாணவர் விடைகளில் திரும்பத் திரும்ப இடம்பெறுபவை.

ஆனால் உருவகங்களுக்குப் பின் ஹார்டி தருவது ஒரு தெளிவான வேலைப் பங்கீடு. போரின்மேல் நிற்கும் இஸ் ஹியூவெட் கட்டுகளை எடுத்துத் தருகிறாள். பொறியின் மேல்தட்டில் நிற்கும் டெஸ் ஒவ்வொரு கட்டையும் அவிழ்க்கிறாள். அவளருகே நிற்கும் ஆண் அதைப் பற்றி உருளையின்மேல் பரப்புகிறான். போரின்மேல் நிற்போர் இடையிடையே பேசுகின்றனர்; மேரியன் அவ்வப்போது நிறுத்திப் பருகுகிறாள்; வைக்கோற்போரின்மேல் நிற்கும் முதியோர் கோல்கொண்டு அடித்த பழங்காலத்தைப் பேசிக்கொள்கின்றனர். டெஸ்ஸுக்கு மட்டும் ஓய்வில்லை. உருளை நிற்பதில்லை, ஆகவே ஊட்டுபவன் நிற்க இயலாது, ஆகவே அவிழ்ப்பவளும் நிற்க இயலாது. இந்தச் சங்கிலியை ஹார்டியே படிப்படியாக எடுத்துரைக்கிறார். இயந்திரத்திற்கு அருகில் செல்லச்செல்லப் பேச்சும் ஓய்வும் குறைகின்றன. உருளையின் வாயில் அவை முற்றிலும் இல்லை. ஒரே களத்தில் ஓய்வு எவ்வாறு பகிரப்பட்டிருக்கிறது என்பதன் வரைபடம் இது எனலாம்.

இதனோடு சேர்த்து நோக்கவேண்டிய நுண்குறிப்பு ஒன்று உண்டு. கதிர் வரத்துக் குறையும்போதெல்லாம் பொறியின் முரலல் வெறிகொண்ட இரைச்சலாக உயர்ந்தது என்கிறார் ஹார்டி. இதைக் கவிதை மிகை எனக் கடந்துவிடலாம். உண்மையில் நிமிடத்திற்கு ஆயிரம் சுற்று அளவில் ஓடும் உருளை, சுமை குறைந்த கணமே விரைவு கூடும், ஒலியும் உயரும். அதாவது, டெஸ் சற்றே தாமதித்தாலும் அந்த ஒலியே அவளைக் காட்டிக்கொடுத்துவிடும். கண்காணியின் வேலையைப் பொறியே செய்கிறது. அவள் தலையைத் திருப்பவும் இயலாமைக்குக் காரணம் இதுவே. பொறியின் இயக்கம் அறியாத வாசகர் இவ்வரியில் அச்சமூட்டும் ஓசையை மட்டும் கேட்பார்; அறிந்தவர் அதில் ஓர் ஏவலைக் கேட்பார்.

இனி, நிறுத்தாமைக்கு யார் காரணம் என்பதும் நாவலிலேயே உள்ளது. பண்ணையாளன் குரோபி அன்றிரவே போரை முடிக்க விரும்புகிறான், ஏனெனில் இயக்குநன் மறுநாள் வேறு பண்ணைக்குச் செல்லவேண்டும், நிலவொளியும் உண்டு. பொறி ஊர் ஊராகச் செல்வதாகையால், அது நிற்கும் நேரம் பண்ணையாளனுக்கு இழப்பு. பகல் முடிந்தபின்னும் வேலை தொடர்வதற்குக் காரணம் இரும்பன்று, இந்த ஏற்பாடே. இப்பணிக்குப் பெரும்பாலும் பெண்ணே தெரிவுசெய்யப்பட்டதற்குச் சிக்கனமே காரணமாயிருக்கலாம் என்று ஹார்டி ஒரு சொல்லில் சுட்டுகிறார். வலிமை, விரைவு, தாங்குதிறன் மூன்றும் அமைந்தவள் என்பதே டெஸ்ஸைத் தெரிவுசெய்யக் குரோபி சொல்லும் காரணம். மேரியன் அரைமணி நேரம் இடம்மாற முன்வரும்போதும் அவள் கை மந்தம் என்று அவன் மறுப்புரைக்கிறான். ஆற்றல் உடையவளுக்கே ஓய்வு மறுக்கப்படுகிறது. உணவு வேளையில் கீழிறங்கும் டெஸ்ஸின் முழங்கால்கள் பொறியின் அதிர்வால் நடுங்குகின்றன. மாலையில் அவள் கைகள் அவள் அறிவின் துணையின்றியே இயங்குகின்றன. அலெக் டர்பர்வில் அவளை அணுகுவது இந்நிலையில்தான். கதைத்திருப்பத்திற்கும் வேலையின் அமைப்பிற்கும் உள்ள தொடர்பு இங்கே வெளிப்படை. மறுப்பதற்கும் சற்று ஓய்ந்த உடலும், எண்ணிப் பார்க்கும் நேரமும் தேவை. அவ்விரண்டையும் உருளை எடுத்துக்கொண்டது.

கட்டுரையிலிருந்து நாவலுக்கு

ஹார்டி இப்பொருளை முன்னரே கையாண்டவர். 1883இல் 'லாங்மன்ஸ்' இதழில் வெளியான 'தி டார்செட்ஷைர் லேபரர்' என்னும் கட்டுரையில், கதிரடி இயந்திரத்தை வெறுக்காத பெண் அம்மாவட்டத்தில் இல்லை என்கிறார். சில ஆண்டுகளுக்கு முன்வரை பெண்ணே உருளைக்கு மேல் நின்று காலைமுதல் இரவுவரை ஊட்டியதையும் குறிப்பிடுகிறார். நாள் முழுதும் ஊட்டிய ஐம்பத்தைந்து வயதுப் பெண் ஒருத்தி, வீடு திரும்பும்போது தலைசுற்றலால் பனிமூடிய வயலிலிருந்து வெளியேறும் வழி காணாமல் விடியற்காலை மூன்று மணிவரை சுற்றிச்சுற்றி நடந்த செய்தியும் அதில் உண்டு. உருளையும் ஊட்டுவாயும் பாதுகாப்பாக மறைக்கப்படவேண்டும் என்று பிரித்தானியாவில் 1878இலேயே தனிச்சட்டம் இயற்றப்பட்டிருந்தது. அச்சட்டம் கைகால்களைக் காத்தது. தலைசுற்றலைப் பற்றி அதற்கு ஏதும் தெரியாது.

கட்டுரையையும் நாவலையும் ஒப்பிட்டால் ஹார்டியின் சிந்தனை முதிர்ந்திருப்பதைக் காணலாம். கட்டுரையில், அவ்வேலை பெண்ணின் இயல்பிற்கு ஒவ்வாதது என்பதே வாதம். நாவலில், டெஸ் அதற்கு மிகவும் தகுதியானவள். தகுதியே அவளுக்குத் தண்டனையாகிறது. குறை பெண்ணின் உடலில் உள்ளது என்ற நிலையிலிருந்து, குறை வேலையின் அமைப்பில் உள்ளது என்ற நிலைக்கு ஹார்டி நகர்ந்துள்ளார்.

அதேவேளை, அவரிடம் நாம் உடன்பட இயலாத இடங்களும் உள்ளன. கையால் அடித்ததே மெதுவாயினும் சிறந்த பயன் தந்தது என்னும் முதியோர் கூற்றை அவர் மறுப்பின்றி விட்டுவிடுகிறார். நன்கமைந்த உருளை, கோல்முறையைவிட அதிக மணியைத் தாளிலிருந்து பிரித்தது. உழவர் அதை ஏற்றதற்கு அதுவும் ஒரு காரணம். மேலும், இயக்குநனை நரகத்திலிருந்து வந்தவன்போல் தீட்டுவதால் வாசகரின் சினம் ஒரு கூலியாளின்மேல் திரும்புகிறது. நேரத்தைக் கணக்கிடும் குரோபி சாதாரணக் கொடியவனாக ஒதுங்கிவிடுகிறான். குறியீட்டு வாசிப்பிற்கு வழிதிறந்தவர் ஒருவகையில் ஹார்டியே எனலாம்.

தமிழ் வாசகரும் ஏர்க்களமும்

இக்காட்சியைத் தமிழ் மாணவர்க்கு அறிமுகப்படுத்தும் ஆசிரியர், நம் இலக்கிய மரபு களத்தை எவ்வாறு கண்டது என்பதையும் உடன்வைத்துக் காட்டலாம். தொல்காப்பியம் ஏரோர் களவழி, தேரோர் களவழி என இரண்டையும் இணைத்துப் பேசுகிறது. பொருநருள் ஏர்க்களம் பாடுவோரும் போர்க்களம் பாடுவோரும் உண்டென நச்சினார்க்கினியர் வகைப்படுத்துவார். 'பொலி' என்னும் சொல் தூற்றிய நெற்குவியலையும், களத்தில் எழும் வாழ்த்தொலியையும் ஒருங்கே குறிக்கும். களம் என்றாலே குரல் எழும் இடம் என்பது நம் மொழிக்குள்ளேயே பதிந்துள்ளது. ஆதலால், டெஸ் வாய்திறக்க இயலாமல் நிற்கும் களம் தமிழ் வாசகருக்கு இரட்டிப்பு அதிர்ச்சி தரவல்லது. எனினும் இவ்வொப்பீட்டைப் பழமைப் போற்றலாகச் சுருக்கிவிடலாகாது. ஏர்க்களம் பாடிப் பரிசில் பெற்ற பொருநர் வேறு. அங்குக் கதிர் சுமந்து மாடோட்டியவர் வேறு. பாடல் எழுந்த களத்திலும் உழைத்தோரின் ஓய்வு எவ்வாறு பகிரப்பட்டது என்னும் வினாவை நாம் எழுப்பவேண்டும். அவ்வினாவைக் கற்றுத்தருவதில் ஹார்டி நமக்குப் பயன்படுகிறார்.

முடிவுரை

ஸ்காட்டின் மாஸ் காத்திருப்பைக் காக்க முயன்று நகைப்பிற்குள்ளாகிறாள். ஹார்டியின் டெஸ் காத்திருப்பே இல்லாத இடத்தில் நிற்கிறாள். இடைப்பட்ட காலத்தில் இயந்திரம் ஒவ்வொரு திருத்தத்தாலும் ஓர் இடைவெளியை அடைத்து வந்தது. அடைபடாது எஞ்சிய இடத்தில் மனித உடல் வைக்கப்பட்டது. இயந்திரத்தின் விரைவு முழுவதையும் அவ்வுடலே ஈடுசெய்ய வேண்டியதாயிற்று. பின்னர்க் கட்டறுக்கும் கத்தியோடு தானே ஊட்டும் அமைப்பும், அறுவடையையும் கதிரடிப்பையும் இணைத்த பொறியும் பரவியபோது அந்த இடமும் மறைந்தது. ஆகவே டெஸ்ஸின் துயரை இயந்திரமயத்தின் துயர் எனப் பொதுவாகச் சொல்வது போதாது. அரைகுறையாக நின்ற இயந்திரமயமும், அதை இரவிலும் நிறுத்தவிடாத கணக்கும், மலிவான பெண்ணுழைப்பும் ஒரே மேல்தட்டில் சந்தித்ததன் விளைவு அது.

இலக்கியத்தில் ஒரு கருவி வரும்போது, அது எதைக் குறிக்கிறது என்று கேட்குமுன் அது எவ்வாறு ஓடுகிறது, அதன் அருகில் நிற்பவர் யார், அவர் எப்போது நிறுத்தலாம் என்று கேட்பது நலம். குறியீட்டை அதன்பின் தேடிக்கொள்ளலாம். வகுப்பறையில் இம்மூன்று வினாக்களோடு 47ஆம் இயலைத் தொடங்கும் ஆசிரியர், கொடுங்கோலன் என்னும் உருவகத்திற்குப் பின்னால் கட்டுகளை அவிழ்த்துக்கொண்டேயிருக்கும் இரு கைகளை மாணவர்க்குக் காட்டியவராவார்.